யாருக்கும் அடிபடவில்லை

என் மூக்கு லேசாக வலப்பக்கம் சாய்ந்திருக்கும். விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனைக்கு ஒவ்வொரு வருடமும் போகும்போது டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது எப்படி ஆச்சு?" என்று கேட்பார். படியில் வழுக்கி விழுந்தேன் என்பேன். படிவத்திலும் எட்டு வருடமாக அப்படித்தான் எழுதிக்கொடுத்திருக்கிறேன். அது பொய். ஒருவன் அடித்து உடைத்த மூக்கு இது.

அவன் பெயரை எழுத மாட்டேன். அவனைக் கேட்காமல் அவனுடைய ஒன்றை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டேன். பெயரையும் எடுத்துப் புழங்க எனக்கு மனம் வரவில்லை.

உசிலம்பட்டிக்கு மேற்கே, மழை பெய்தால்தான் விதைப்பு என்று இருக்கிற ஊர் அவனுக்கு. ஆள் உயரமில்லை. கைகள் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரியவை. விமானப் பயிற்சிப் பள்ளியில் முதல் நாள் கை குலுக்கியபோது என் விரல்கள் உள்ளே போய்க் காணாமல் போயின. கோபக்காரன். நியாயமான கோபம்தான் என்று பூசி மெழுகப்போவதில்லை. காளவாசலில் ஒரு பரோட்டாக் கடையில், எச்சில் இலையை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார் என்பதற்காக அப்பா வயதுள்ள ஒருவரை அறைந்திருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் கடைக்காரர் ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டபோது வேறு யாரும் பேசுவதற்கு முன்னால் அவனே சொன்னான்.

"நான்தாண்ணே அடிச்சேன். கன்னத்துல ஒண்ணு. அவரு திருப்பி அடிக்கல."

அவனைப் பற்றிச் சொல்ல இதுதான் இருக்கிறது. அடித்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டான். எந்தக் கை, எத்தனை, எங்கே பட்டது, எத்தனை தவறியது என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். வாங்கிய அடியையும் அதே போலத்தான் சொல்லுவான்.

பயிற்சிப் பள்ளியில் ஒரு ஆசிரியர் இருந்தார். வானத்தில் நாங்கள் தப்புச் செய்தால் செக்லிஸ்ட் அட்டையால் தொடையில் அடிப்பார். கெட்டி பிளாஸ்டிக் அட்டை. தொடையில் வரிவரியாகச் சிவந்து கிடக்கும். நாங்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு, இறங்கியதும் கழிப்பறையில் பேன்ட்டை இறக்கி ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்துக்கொள்வோம். அவன் சிரிக்கவில்லை. ஒரு நாள் விமானத்தை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கையெழுத்தெல்லாம் போட்டு முடித்துவிட்டு, அவர் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டான். அவர் இறக்கைமேல் போய்ச் சாய்ந்தார். அவர் புகார் சொல்வதற்கு முன்னால் இவன் தலைமை ஆசிரியரின் அறைக்கு நடந்து போனான்.

"சார், இன்னைக்கு அவரு என்னைய ஏழு தடவை அடிச்சாரு. எறங்குனப்பறம் நான் ஒண்ணு அடிச்சேன். எடது தோள்ல."

ஒரு மாதம் அவனைப் பறக்க விடவில்லை. அந்த ஆசிரியர் அதற்குப் பிறகு யாரையும் அட்டையால் அடிக்கவும் இல்லை. தொடை தப்பித்த நாங்கள் யாரும் அவனுக்கு நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை.

அவன் ஊர்ப்பக்கத்துச் சந்தையில் நடந்தது இன்னும் மோசம். படுத்துவிட்ட மாட்டை எழுப்ப ஒரு வியாபாரி அதன் கண்ணில் மிளகாய்ப்பொடியைத் தேய்த்தான். இவன் அந்த வியாபாரியைப் பிடித்து, அதே பொடியில் அவன் முகத்தை அழுத்தி, வயிற்றில் உதைத்தான். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். விமானிக்குப் போலீஸ் வழக்கு இருந்தால் விமான நிலையத்துக்குள் நுழையும் பாஸ் கூடக் கிடைக்காது. அது தெரிந்த இன்ஸ்பெக்டர், படித்த பையன் என்று இரக்கப்பட்டு, தள்ளுமுள்ளு என்று எழுதிக்கொள்ளலாம் என்றார். நானும் அங்கே இருந்தேன். அவன் காலை மிதித்துக்கூடப் பார்த்தேன்.

"தள்ளுமுள்ளு இல்ல சார். மூஞ்சியப் பிடிச்சுத் தேச்சேன். வயித்துல மூணு ஒத ஒதச்சேன்."

இன்ஸ்பெக்டருக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, எழுந்து வந்து பளார் பளார் என்று இரண்டு விட்டார். இவன் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "இந்த ரெண்டையும் எழுதிக்கங்க சார்" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எழுதச் சொன்னான். வியாபாரி புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால் அன்றைக்குத் தப்பித்தான்.

அங்கிருந்து பஸ்ஸில் திரும்பும்போதுதான் நான் கேட்டேன், ஏன்டா இப்படி என்று. அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவனுக்கு ஒன்பது வயது. அவன் அப்பா அப்போது கூலி. சொந்த நிலம் எல்லாம் பிற்பாடு வந்தது. வரப்பில் ஆடு மேய்ந்துவிட்டது என்று நிலத்துக்காரர் அவன் அப்பாவைச் செருப்பைக் கழற்றி அடித்தார். தூக்குவாளியோடு போன இவன் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்று பார்த்தான். அப்பா உதடு கிழிந்து வீட்டுக்கு வந்தார். அம்மா கேட்டதற்கு, வரப்பில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றார்.

"அது கூடப் போகட்டும் மாப்ள. மறுநாளு டீக்கடையில அம்புட்டுப் பேரு முன்னாடி, அடிச்சவனே கேக்குறான், என்னப்பா ஒதட்டுலன்னு. அவன்கிட்டயே எங்கய்யா சொல்றாரு, விழுந்துட்டேங்கன்னு."

கொஞ்ச நேரம் கழித்து, "அடி வாங்குனாலும் சொல்லணும். அடிச்சாலும் சொல்லணும். நடுவுல விழுந்துட்டேன்னு ஒண்ணு வரக் கூடாது" என்றான்.

பயிற்சி முடிந்து இரண்டு பேரும் ஒரே சிறிய விமானக் கம்பெனியில் துணை விமானிகளாகச் சேர்ந்தோம். இரண்டு புரொப்பல்லர் வைத்த எழுபது இருக்கை விமானங்கள். அங்கேதான் அது நடந்தது. நான் அந்த விமானத்தில் இல்லை. இதை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கடற்கரை ஊர் ஒன்றில், மழையில் இறங்கும்போது நடந்ததை அவன் வாயால் நான் நூறு முறை கேட்டிருக்கிறேன்.

"ஐந்நூறு அடியில ரன்வே தெரியல. கேப்டன் பக்கத்து வைப்பர் நின்னு போச்சு. வேகம் கொறையுது, கீழ போய்க்கிட்டே இருக்கோம். கோ அரவுண்டுன்னு சொன்னேன். பதில் இல்ல. ரெண்டாவது தடவையும் சொன்னேன். இல்ல. கன்ட்ரோல் என்கிட்டன்னு சொல்லி எஞ்சின் லீவரப் பிடிச்சேன். அவரு கை விடல. பயத்துல வெறச்சுப் போச்சு. மணிக்கட்டுல எடது கையால ஓங்கிக் குத்துனேன். விடல. அதே கையி, முழங்கைய மடக்கி மூஞ்சில ஒண்ணு விட்டேன். மூக்கு ஒடஞ்சு சட்டையெல்லாம் ரத்தம். அப்பறம்தான் கை வந்துச்சு. மேல தூக்கிட்டேன்."

கோ அரவுண்ட் என்றால் இறங்காமல் மறுபடி மேலே ஏறு என்று அர்த்தம். துணை விமானி இரண்டு முறை சொல்லியும் கேப்டன் கேட்காவிட்டால் விமானத்தை அவனே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. எப்படி எடுத்துக்கொள்வது என்று விதியில் இல்லை. அன்றைக்கு அதில் இருந்த எழுபது பேரும் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள். ஆனால் அவன் அங்கே நிறுத்த மாட்டான்.

"பின்னாடி பணிப்பெண்ணு ஒருத்தி. பெல்ட் மாட்டுறதுக்குள்ள நான் தூக்குன தூக்குல போயி மோதி, தோள்பட்டை எலும்பு ஒடஞ்சிருச்சு. அது என்னால ஒடஞ்சது. அதையும் சொல்லணும்."

அந்தக் கேப்டன் கெட்டவர் இல்லை. விமானம் குலுங்கியதில் முகம் மோதிவிட்டது என்றுதான் அவரே எழுதிக்கொடுத்தார். கம்பெனிக்கும் அது வசதியாக இருந்தது. இவனும் அதில் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் எழுபது உயிரைக் காப்பாற்றியவன் என்று தட்டிக்கொடுத்திருப்பார்கள். இவன் தனியாக ஒரு தாள் வாங்கி, இரண்டு அடி, எங்கே எங்கே என்று எழுதிக்கொடுத்தான். கேப்டனை அடித்தவன் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் அந்தக் கம்பெனியையே மூடினார்கள். நானும் வெளியே வந்தேன்.

வேலை தேடும் விமானிகளை எந்த நேர்முகத்திலும் ஒன்று கேட்பார்கள்: பறக்கும்போது உங்களுக்கு நேர்ந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள், அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்? எங்கள் கூட்டத்தில் இதற்கு ஒரு பழக்கம் இருந்தது. போனில் ஒரு குழு வைத்து, சம்பவங்களைப் பரிமாறிக்கொள்வோம். ஒருவனுக்கு எஞ்சினில் பறவை மோதியிருக்கும். அதே பறவை மூன்று பேருடைய நேர்முகத்தில் மூன்று ஊரில் மோதும். எனக்குச் சொந்தமாக இருந்தது கேபின் அடுப்பில் புகை நாற்றம் வந்த ஒரு சம்பவம் மட்டும். அதைச் சொன்னால் எனக்கே கொட்டாவி வரும்.

அவனுக்கு இருந்தது பெரிய சம்பவம். நாலு கம்பெனிகளில் கேட்டார்கள். நாலிலும் சொன்னான். இரண்டு முறை சொன்னேன் என்பதுவரை தலையாட்டுவார்களாம். அடித்தேன் என்றதும் பேனா நின்றுவிடுமாம். தொடர்ந்து பறக்காமல் இருந்தால் அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதி காலாவதியாகிவிடும். அவனுக்கு மூன்று மாதம் பாக்கி இருந்தது. அப்போதுதான் தென்மாவட்டங்களுக்கு விமானம் விடப்போகும் ஒரு புதுக் கம்பெனி மதுரையிலேயே, பைபாஸ் ரோட்டு ஓட்டல் ஒன்றில் நேர்முகம் வைத்தது. அவனுக்கு அதுதான் கடைசி.

செல்லூரில் எங்கள் வீடு. கீழே பன்னிரண்டு விசைத்தறிகள் ஓடும். மாடி அறையில் இரண்டு நாற்காலி போட்டு அவனுக்குப் பயிற்சி கொடுத்தேன். தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். "அடிச்சேன் சார்" என்று அவன் கத்துவது தெருவுக்கே கேட்கும். ஒரு நாள் என் அப்பா மேலே ஏறிவந்தார்.

"தம்பி, யாரப்பா அடிச்ச? கீழ தறி ஓட்டுறவுக எல்லாம் கேக்குறாக."

"பழைய கேப்டன்யா. ரெண்டு அடி" என்றான்.

எத்தனை சொல்லியும் அவன் திருந்துவதாக இல்லை. அதனால் நாற்காலியை மாற்றிப் போட்டேன். நீ கேள்வி கேள், நான் நீயாக இருந்து சொல்கிறேன், எப்படிச் சொல்ல வேண்டும் என்று பார் என்றேன். "இரண்டு முறை எச்சரித்தேன். பதில் இல்லை. கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டேன். அவர் கையை விட்டார்" என்று நிதானமாகச் சொல்லிக்காட்டினேன். வைப்பர் நின்றதைக்கூட விடவில்லை. பத்து நாள், ஒரு நாளைக்கு நாலைந்து முறை, நான் நான் என்று அதைச் சொன்னேன். அவன் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஆனா அது நடக்கல" என்பான். அவனுக்கு அது ஏறவில்லை. எனக்கு ஏறிவிட்டது.

நேர்முகத்தில் பெயர் வரிசைப்படி நான் முன்னால். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் வயதான கேப்டன், தமிழர். அடுப்பில் வந்த புகையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, வேறு ஏதாவது இருக்கிறதா என்றார். வாயைத் திறந்தேன். வைப்பர் நின்றுபோனதில் இருந்து ஆரம்பமாகி, ஒரு சொல் பிசகாமல் வந்தது. கடற்கரை ஊரின் பெயரை மட்டும் மாற்றினேன். பெரியவர் முன்னால் சாய்ந்து கேட்டார். யாருக்காவது அடிபட்டதா என்றார்.

யாருக்கும் அடிபடவில்லை என்றேன்.

அடுத்து அவன் உள்ளே போனான். நான் ஏன் அப்போதே வீட்டுக்குப் போகவில்லை என்று தெரியவில்லை. பயமாக இருந்தது, இருந்தாலும் ஓட்டலின் பின்பக்கம் வண்டிகள் நிறுத்துமிடத்தில் நின்றேன். அரைமணி நேரம் கழித்து வந்தான். கையில் இருந்த சான்றிதழ்க் கோப்பை ஒரு ஸ்கூட்டர் சீட்டின்மேல் பத்திரமாக வைத்தான்.

"என் சம்பவத்தச் சொன்னியா?"

"சொன்னேன்டா."

"அந்தப் பொண்ணு தோளச் சொன்னியா?"

"இல்ல."

"அவரு மூக்க?"

நான் இல்லை என்று முழுவதாகச் சொல்லி முடிக்கவில்லை. உள்ளே எதுவோ முறிகிற சத்தம் காதுக்குள் கேட்டது. அடுத்து நான் முழங்கால் போட்டு ஜல்லியில் கிடந்தேன். மூச்சு வாங்க வாயைத் திறந்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கியது. சட்டையைப் பிடித்துத் தூக்கினான். கை மறுபடி மேலே போனது. அவ்வளவு பெரிய முஷ்டியை அத்தனை பக்கத்தில் நான் பார்த்ததில்லை. கொன்றுவிடுவான் என்றுதான் நினைத்தேன். கொன்றாலும் சரிதான் என்றும் நினைத்தேன். அந்தக் கை அங்கேயே நின்றது. பிறகு இறங்கியது.

"ஒண்ணு. வலது கை. ரெண்டாவது ஓங்குனேன், அடிக்கல" என்றான். மூச்சிரைத்தது அவனுக்கு. "யாரு கேட்டாலும் இதையே சொல்லு."

கோப்பை எடுத்துக்கொண்டு நடந்தான். அவன் பத்தடி போவதற்குள் ஓட்டல் செக்யூரிட்டி ஓடிவந்து என்னைத் தூக்கி, "என்ன சார் ஆச்சு?" என்றார். நான் சொன்னேன்.

"படியில வழுக்கி விழுந்துட்டேன்."

அவன் நின்றான். திரும்பவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. அந்தச் சொல்லை அவன் முதன்முதலில் எங்கே கேட்டான் என்று எனக்குத் தெரியும். அவன் அப்பா பயத்தில் சொன்னார். எனக்கு அப்படி என்ன பயம்? நான் வேலைக்காகச் சொன்னேன். சற்று நின்றுவிட்டு, அவன் பைபாஸைக் கடந்து எதிரே வந்த டவுன் பஸ்ஸில் ஏறிப்போனான். அதன்பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மூக்கில் கட்டோடு வேலையில் சேர்ந்தேன். பெரியவர் என்னை "படியில் விழுந்தவர்" என்றே கூப்பிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சேர்ந்த புதிதில் ஒரு நாள் டீ குடிக்கும்போது அவரே சொன்னார்: "உனக்குப் பின்னால் ஒருத்தன் வந்து உன் கதையையே சொன்னானப்பா. அடிதடி எல்லாம் சேர்த்து மசாலா போட்டு. உங்கள் ஆட்கள் கதை மாற்றிக்கொள்வது எங்களுக்குத் தெரியாதா? முன்னால் வந்தவனும் இதையே சொன்னானே, யார் யாரிடம் திருடியது என்று கேட்டேன். அவனைப் பற்றி எனக்குத் தெரியாது, என்னைப் பற்றிக் கேளுங்கள், நான் அடித்ததைச் சொல்கிறேன் என்றான். திமிர் பிடித்தவன்."

அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே என் கதை முடிந்திருக்கும். அதற்கும் நான் டீயைக் குடித்துவிட்டுச் சிரித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அவனுடைய தகுதி அந்த மழைக்காலத்தோடு காலாவதியானது. உசிலம்பட்டிப் பக்கம் கிணறு வெட்டுகிறவர்களோடு கிரேன் ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டேன். நான் கேப்டன் ஆனேன். போன வருடத்தில் இருந்து நேர்முகக் குழுவிலும் என்னைப் போட்டிருக்கிறார்கள்.

போன மாதம் அதே பைபாஸ் ஓட்டலில் நேர்முகம். பறப்பதிலிருந்து ஓய்வு பெற்றாலும் பெரியவர்தான் இன்னும் தலைவர். ஒரு இளம்பெண் வந்தாள். நல்ல படிப்பு, தெளிவான பேச்சு. சம்பவம் கேட்டோம். மழை, ஐந்நூறு அடி என்று ஆரம்பித்தாள். கேப்டன் பக்கத்து வைப்பர் நின்றுபோனது என்றாள். எட்டு வருடத்தில் எத்தனை வாய் மாறி வந்ததோ, செல்லூர் மாடியில் நான் கோத்த வாக்கியங்கள் அப்படியே இருந்தன. இரண்டு முறை எச்சரித்தேன். பதில் இல்லை. கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டேன். அவர் கையை விட்டார்.

பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவளிடம் சொன்னார், நம் கேப்டனுக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது என்று. பிறகு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். யாருக்காவது அடிபட்டதா?

"யாருக்கும் அடிபடவில்லை சார்."

"இரண்டு பேருக்கு அடிபட்டது" என்றேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. "கேப்டனுக்கு மூக்கு உடைந்தது. பணிப்பெண்ணுக்குத் தோள் உடைந்தது."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவருக்குப் புரியவில்லை. "யாருடைய விமானத்தில்? உங்களுடையதிலா, இவருடையதிலா?"

பொய் சொல்லி வேலையில் சேர்ந்தவரை எந்த நேரத்திலும் நீக்கலாம் என்று என் நியமன உத்தரவிலேயே இருக்கிறது. அது எத்தனையாவது பக்கம் என்றுகூட எனக்குத் தெரியும். அடிக்கடி எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

"இரண்டிலும் இல்லை. அந்த விமானத்தில் நான் இல்லை சார். அன்றைக்கு எனக்குப் பின்னால் வந்தானே, அவன் இருந்தான். அவன் சொன்னதுதான் நடந்தது."

பெரியவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர் தமிழில் கேட்டார்.

"அப்ப அந்த மூக்கு?"

"படியில விழல சார். அவன் அடிச்சான். ஒண்ணு, வலது கை. ரெண்டாவது ஓங்குனான், அடிக்கல."